ஐநூறு பக்கத் தவம்

தவக்காலம் தொடங்குற சாம்பல் புதனன்னிக்கு நெத்திச் சாம்பல் அழியறதுக்குள்ள ஒரு தீர்மானம் எடுத்தேன். கறியை விடறது, பீடியை விடறதெல்லாம் ஊரே செய்யுது. இந்தச் சவரிமுத்து ஒரு படி மேல போவான். படிப்பான்!

நோட்டுப் போட்டுத் திட்டம் எழுதினேன். 2003-ல புனிதர்கள். 2004-ல துறவிகள். 2005-ல தியான நூல்கள். ரிட்டயர் ஆனப்புறம் திருச்சபை வரலாறு, எட்டு பாகம்.

சிரிக்காதீங்க. அரியலூர் சிமெண்ட் ஆலையில கிரஷர் பக்கத்துல பதினெட்டு வருஷமா நிக்கிறேன். தூக்கத்துலயும் காதுக்குள்ள கல்லு உடையுது. வரதராஜன்பேட்டைக்கு வந்தா வூட்டுல டிவியும் புள்ளைங்க சண்டையும். சத்தமில்லாத எடத்துல ஒக்காந்து ஒரே ஒரு புத்தகத்தை முழுசாப் படிக்கணும்னு அப்படி ஒரு ஏக்கம் எனக்கு.

அந்த ஞாயிறு பூசையில பங்குச் சாமியார் சொன்னாரு: "ஈஸ்டர் பாஸ்காவுக்கு அப்புறம் தியான இல்லத்துல மூணு நாள் மௌன தியானம். நம்ம பங்குக் கோயிலுக்கு ஒரே எடம். ஞான நூல் ஒண்ணைப் படிச்சு, தெருக்காரங்க கூடிச் செபிக்கிற அன்பியக் கூட்டத்துல யாரு நல்லா எடுத்துச் சொல்றாங்களோ அவங்களுக்குத்தான்."

அங்க யாரும் பேசவே கூடாதாம். பெரிய நூலகம் வேற இருக்காம். அந்த எடம் எனக்குத்தான்னு முடிவே பண்ணிட்டேன்.

கோயில் அலமாரியிலேயே தடியான புத்தகத்தை எடுத்தேன். ஒரு குகை முனிவரோட வரலாறு, ஐநூறு பக்கம். தெனம் ஷிப்டு முடிஞ்சு வந்து இருபது பக்கம் படிப்பேன். அடையாளத்துக்கு சூசையப்பர் படத்தை வச்சு மூடுவேன். மறுநாள் அவரு இருக்கற எடத்துலேர்ந்து தொடருவேன்.

திங்கக்கிழமை முனிவர் குகையில இருந்தாரு. செவ்வாய்க்கிழமை கப்பல்ல. புதன்கிழமை செறையில. புனிதர்னா நெனச்ச எடத்துல நிப்பாங்க போலன்னு சிலுவை போட்டுக்கிட்டேன். இருபத்தஞ்சு நாள் ஆகும்னு நெனச்ச புத்தகம் பதிமூணே நாள்ல முடிஞ்சிடுச்சு!

"மேரி, முடிச்சிட்டேன் பாத்தியா?"

எம் பொண்டாட்டி செபமாலைமேரி அரிசி பொடைச்சுக்கிட்டு இருந்தா.

"எல்லாம் புரிஞ்சுதாங்க?"

"புரியாம? அதுக்கெல்லாம் ஞானம் வேணும்டி. எட்டாவதோட நின்னவளுக்கு என்னா தெரியும்?"

"அதுவும் சரிதாங்க"ன்னா.

வெள்ளிக்கிழமை அன்பியக் கூட்டம் எங்க வூட்டுல. தெருவே வந்து ஒக்காந்துச்சு. நான் பிரசங்கம் வைக்கிற மாதிரி தொண்டையைச் செருமினேன். அதுக்குள்ள கூட்டம் நடத்த வந்த கன்னியாஸ்திரி சிஸ்டர் ஒரு கேள்வி கேட்டுட்டாங்க.

"முனிவர் ஏன் குகையை விட்டு வந்தாரு?"

"அது... கப்பல் ஏறத்தான் சிஸ்டர்."

"எதுக்குக் கப்பல்?"

"செறைக்குப் போகத்தான்."

தெருவே சிரிச்சுது. டீத் தட்டோட வந்த மேரி நின்னா.

"இல்லைங்க சிஸ்டர். தீவுல கொள்ளைநோயின்னு ஆளு வந்துச்சு. வருஷக்கணக்கா ஏங்கிக் கெடைச்ச அமைதியை வுட்டுட்டுக் கெளம்பிட்டாரு. நோயாளிய ஒளிச்சு வச்சாருன்னு புடிச்சுப் போட்டாங்க. அந்த எடம் படிக்கறப்ப அழுதுட்டேன்."

சிஸ்டரும் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க. எடம் மேரிக்குத்தான்னு அங்கேயே முடிவாயிடுச்சு.

கூட்டம் கலைஞ்சதும் மேரியைப் பிடிச்சேன். "நீ எப்படிப் படிச்ச?"

"நீங்க முந்தின நாள் படிச்சதையும் சேத்து மத்தியானத்துல நாப்பது பக்கம் படிப்பேன். நான் நிறுத்துன எடத்துல படத்தை வச்சுடுவேன்."

"அடிப்பாவி! சொல்லக் கூடாதா?"

"கப்பல்ல இருந்தவரு செறைக்கு எப்படிப் போனாருன்னு ஒருநாளாச்சும் எங்கிட்ட கேப்பீங்கன்னு பாத்தேன். படிச்சதைப் பத்தி யாருகிட்டயாச்சும் பேசணும்னு எனக்கும் ஆசை இருக்காதா?"

மனசு கஷ்டமாப் போச்சு.

பாஸ்கா முடிஞ்சு மேரியைத் தியானத்துக்கு பஸ் ஏத்திவுடப் போனேன். பையைக் கொடுக்கறப்ப வயிறு எரிஞ்சுது. கடைசியா ஒரு தூண்டில் போட்டுப் பாத்தேன்.

"மேரி, மூணு நாள் எம் பேச்சைக் கேக்காம உன்னால இருக்க முடியுமா?"

ஜன்னலோரமா ஒக்காந்து சேலையைச் சரிபண்ணிக்கிட்டா.

"ஐநூறு பக்கம் பின்ன எதுக்குங்க படிச்சேன்?"