திட்டியவர்களிடம் ‘சாப்பிட்டீர்களா?’

மெயில் ஒழுங்காகப் போகிறவரை, மெயில் சர்வரைப் பார்த்துக்கொள்கிறவனை யாரும் தேட மாட்டார்கள். சங்கரன்கோவிலில் ஒரு சேலைக் கம்பெனியின் மாடியில் எனக்கு அந்த வேலைதான். கீழே விசைத்தறிச் சத்தத்தில் எல்லோரும் கையாலேயே பேசிக்கொள்வார்கள். மாடியில் அதற்கும் ஆளில்லை. அம்மா அப்பா காலமாகி, அக்கா கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போய், கூடப் படித்தவர்களும் சென்னை, துபாய் என்று போய்விட்ட பிறகு, எனக்கு வாய் என்பது டீ குடிக்க மட்டும் என்றாகிவிட்டது.

அது தீபாவளி ஆர்டர் நேரம். முதலாளி அண்ணாச்சி நூல் வாங்க வெளியூர் போயிருந்தார். எங்கள் சர்வர், ஆபீஸ் கம்ப்யூட்டர்களிலிருந்து வரும் மெயிலை மட்டும்தான் வாங்கி வெளியே அனுப்பும். லாட்ஜிலிருந்து அவர் அனுப்பியதை, நீ யார் என்று கேட்டுத் திருப்பிவிட்டது. போனில் கத்தினார். பாஸ்வேர்டு கொடுத்து அவரை மட்டும் உள்ளே விட்டிருக்கலாம். ஆனால் அண்ணாச்சிக்கும் பாஸ்வேர்டுக்கும் ஆகவே ஆகாது. அதனால், யார் யார் நம்ம ஆள் என்று சர்வர் கேட்கும் இடத்தில், உலகத்தில் உள்ள எல்லோரையும் சேர்த்துவிட்டேன். (என் பெருந்தன்மையைப் பாருங்கள்.) மெயில் போய்விட்டது. “கெட்டிக்காரன்லே நீ” என்றார் அண்ணாச்சி. அந்த ஒரு வார்த்தையை வைத்தே இரண்டு நாள் ஓட்டினேன்.

அதற்குள் எந்த நாட்டுக்காரனோ எங்கள் சர்வர் வழியாக ஊர் உலகத்துக்கெல்லாம் வழுக்கைத் தலை மருந்து விற்க ஆரம்பித்திருந்தான். அந்த மெயில் கிடைத்தவர்கள் எல்லாம், சர்வருக்குப் பொறுப்பாளன் என்று என்னைத் திட்டி எழுதினார்கள். எனக்கென்று ஒரு மெயில் வந்து மாதக்கணக்காகியிருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், சந்தோஷமாக இருந்தது. முதலில் வாசலை அடைக்க வேண்டியவன், உட்கார்ந்து ஒவ்வொருவருக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதினேன். கடைசி வரியில், எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், சாப்பிட்டீர்களா என்றும் கேட்டு வைத்தேன்.

ஒரே ஒரு அம்மாள் பதில் போட்டார். எந்த ஊரோ தெரியாது. “சாப்பிட்டேன். நீ?” அவ்வளவுதான். அதையே திரும்பத் திரும்பப் படித்தேன். இன்னும் இல்லை, தனியாகச் சாப்பிடப் பிடிக்கவில்லை என்று நீளமாக எழுதி அனுப்பினேன். போன வேகத்தில் அது திரும்பி வந்தது. குப்பை அனுப்புகிற சர்வர் என்று மற்ற சர்வர்கள் எல்லாம் எங்களைத் தள்ளி வைத்திருந்தன. கூடவே அண்ணாச்சியின் தீபாவளி ஆர்டர் மெயில்களும் திரும்பி வந்தன.

ஊர் வந்த அண்ணாச்சி நேராக மாடி ஏறி, நான் எழுதியதையெல்லாம் உட்கார்ந்து படித்தார். வேலை போய்விட்டது என்றே நின்றேன்.

“ஏலே, திட்டுனவன்ட்டல்லாம் சாப்டாச்சான்னு கேட்டுருக்கியே. ஒனக்கு வேற ஆளே இல்லையால?”

அவர் அதற்குமேல் திட்டவில்லை. கடை கடையாகப் போன் போட்டு ஆர்டரைக் காப்பாற்றினார். நான் சர்வரின் ‘நம்ம ஆள்’ பட்டியலில் ஆபீஸ் கம்ப்யூட்டர்களை மட்டும் விட்டுவிட்டு உலகத்தை எடுத்தேன்.

ஒரு கல்யாண வீட்டில் அண்ணாச்சி இதை என் அக்காவிடம் சொல்லிவிட்டார். கோயம்புத்தூரிலிருந்து ஞாயிற்றுக்கிழமை அவள் போன் செய்தால் ஹலோ எல்லாம் கிடையாது. “சாப்டாச்சால?” என்பாள். பின்னால் அவள் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிப்பது கேட்கும். கேலிக்குத்தான் கேட்கிறாள். இருந்தாலும் அவள் போன் வரும்வரை நான் சாப்பிடுவதில்லை. இன்னும் இல்லை என்று சொன்னால், கூடக் கொஞ்ச நேரம் பேசுவாள்.