கசிவு: இல்லை

ஒரு காட்டில் ஓர் அணை இருந்தது. காட்டில் எதற்கு அணை என்று குறுக்கே கேட்காதீர்கள். சிங்கம் பேசினால் ஒத்துக்கொள்வீர்கள், அணை மட்டும் உறுத்துகிறதாக்கும்!

இப்போதைய சிங்கராஜாவின் கொள்ளுத்தாத்தா காலத்தில் சுண்ணாம்புக் காரை வைத்துக் கட்டியது. பிறகு வந்த ஒவ்வொரு ராஜாவும் அதைப் பலமுறை பலப்படுத்தினார். பலப்படுத்துவதற்கு இந்தக் காட்டில் ஒரு முறை உண்டு. ராஜா பெயரில் கல்வெட்டு பதிப்பார்கள், மஞ்சள் பெயின்ட் அடிப்பார்கள், எல்லோருக்கும் வடை கொடுப்பார்கள். இதுவரை பதினொரு கல்வெட்டு ஆயிற்று. அணைக்கு வயது ஏறியதுதான் மிச்சம்.

அணைக்கு நேர் கீழே தவமணி என்ற முயலின் வளை இருந்தது. ஐந்து குட்டி போட்டு நாலு நாள்தான் ஆகியிருந்தது. குட்டிகள் கண் திறக்க இன்னும் ஒரு வாரம் வேண்டும், அதுவரை வளையைவிட்டு நகர்த்த முடியாது. அணைக்கு ஏதாவது ஆனால் முதலில் போவது அந்த ஐந்தும்தான். ஆனால் தவமணியின் கவலை வேறு. அணையின் அடியில் ஏழு துளைகள் உண்டு. அவற்றிலிருந்து சொட்டும் தண்ணீரால் அவள் வாசல் எந்நேரமும் சகதி. "வாசலைக் காய வைத்துத் தரவும்" என்று மூன்று மனு போட்டிருந்தாள்.

மழைக்காலம் நெருங்கியதும் உதவிப் பொறியாளர் இருசப்பன் அணையைப் பார்க்க வந்தான். இருசப்பன் ஒரு நீர்நாய். மூச்சைப் பிடித்துத் தண்ணீருக்குள் முங்கினவன், வெளியே வரும்போது முகம் செத்துப்போய் வந்தான். நேரே செயற்பொறியாளர் நரியாரிடம் ஓடினான்.

"ஐயா, தண்ணிப் பக்கம் சுவர் விரிசல் விட்டிருக்கு. என் கை முழுசா உள்ள போகுது. மழைக்கு முன்னாடி சிமெண்டுப் பால் ஏத்தி அடைச்சாகணும்."

நரியார் கோப்பிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "வெள்ளிக்கிழமை நிறைவு விழா. ராஜா வர்றாரு."

"என்ன நிறைவு விழா ஐயா?"

"அணை பலப்படுத்தும் பணி நிறைவு விழா."

"பணி இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே!"

"அதுக்கு யாருய்யா பொறுப்பு? விழா குறிச்ச தேதியில நடக்குது. உன் பணிதான் பிந்திப்போச்சு."

சொல்லிவிட்டுப் படிவம் பதினான்கை எடுத்து நீட்டினார். அதில் ஒரு வரி: கசிவு, உண்டா இல்லையா. உண்டு என்றால் பதினொரு இணைப்பு, மூன்று பிரதி, வரைபடம். இல்லை என்றால் ஒரு கையெழுத்து போதும். நூறு வருடமாக இந்தக் காட்டில் எந்த அணையும் கசியாததற்குக் காரணம் இந்தப் படிவம்தான்.

"கீழ ஏழு ஓட்டையும் ஒழுகுது. ராஜா கண்ணுல பட்டா மானம் போயிடும். அடைச்சிடு" என்றார் நரியார்.

இருசப்பன் பதறினான். "ஐயோ, அது ஓட்டை இல்லீங்க, வடிகால்! கட்டினவங்களே விட்டது. விரிசல் வழியா உள்ள போற தண்ணி அது வழியாத்தான் வெளிய வருது. அடைச்சா உள்ளேயே நின்னு அணையை அடியோட நெம்பிடும். அடைக்க வேண்டியது மேல, கீழ இல்ல."

"மேல இருக்கிறது தண்ணிக்குள்ள இருக்கு. யாருக்குத் தெரியப் போகுது?" என்றார் நரியார். அத்தோடு பேச்சு முடிந்தது.

வேலையை நண்டுக்குக் கொடுத்தார்கள். ஓட்டை போடுவதில் முப்பது வருட அனுபவம் உள்ளவருக்குத்தான் ஓட்டையைப் பற்றித் தெரியும் என்று உத்தரவிலேயே எழுதியிருந்தது. நண்டு ஏழையும் களிமண்ணால் அடைத்து, மேலே மஞ்சள் பெயின்ட் அடித்தது. நரியார் படிவத்தில் "இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

தவமணியின் வாசல் முதல்முறையாகக் காய்ந்தது. கோலம் போட்டாள்.

இருசப்பன் போய்க் கெஞ்சினான். "அம்மா, வேற ஆளுங்களைக் கூப்பிட்டாவது குட்டிங்களை மேட்டுக்கு ஏத்திடுங்க. அணை தாங்காது."

"கண்ணு தொறக்காத பச்சைக் குட்டியைத் தூக்கிட்டு நான் எங்க சார் போவேன்? மூணு மனு போட்டு இப்பத்தான் வாசல் காஞ்சிருக்கு. உங்களுக்கு அது பொறுக்கலையா?"

வியாழன் பகலும் இரவும் மழை கொட்டியது. வெள்ளிக்கிழமை காலை அணை நிரம்பி நின்றது. பன்னிரண்டாவது கல்வெட்டைத் திறந்துவைத்து, சிங்கராஜா அணையடியில் போட்ட மேடையில் ஏறினார். சால்வை போட்டார்கள். அவர் வாயைத் திறந்தபோது சுவருக்குள்ளிருந்து 'ம்ம்ம்' என்று ஒரு முனகல் வந்தது.

"என்ன சத்தம்?"

"அணை நன்றி சொல்லுது ராஜா" என்றார் நரியார்.

இருசப்பன் சுவரைப் பார்த்தான். புது மஞ்சள் பெயின்ட் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை கோடு விட்டிருந்தது. அடிக்கல் ஒன்று அவன் பார்க்கப் பார்க்க விரலளவு மேலே எழும்பியது. இனி யாரிடம் கேட்பது? பாய்ந்து போய் நகத்தால் களிமண்ணைப் பிறாண்டினான். முதல் துளை பீறிட்டது. இரண்டாவது, மூன்றாவது. நகம் பெயர்ந்து ரத்தம் வந்தது, நிறுத்தவில்லை. ஏழாவது துளையின் தண்ணீர் நேராக ராஜாவின் முகத்தில் அடித்தது. பிடரி படிந்து, சால்வை ஒட்டி, ராஜா நனைந்த பூனையாக நின்றார்.

முனகல் நின்றது. எழும்பிய கல் மெல்ல இறங்கி உட்கார்ந்தது. அதைப் பார்த்தவன் இருசப்பன் ஒருவன்தான், மற்றவர்கள் எல்லாம் ராஜாவைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள்.

மறுவாரம் விசாரணை நடந்தது. நரியார் படிவத்தை நீட்டினார். "இவன் கை வைக்கிற வரைக்கும் கசிவு இல்லை. கை வெச்ச பிறகு ஏழு. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?"

சாட்சி இருந்தது. தவமணி வந்தாள். "வாசல்ல கணுக்கால் அளவு தண்ணி ராஜா. கோலமெல்லாம் போச்சு."

இருசப்பன் கட்டுப்போட்ட கையோடு ஒன்றே ஒன்று கேட்டான். "குட்டிங்க?"

"அஞ்சும் கண்ணைத் தொறந்துடுச்சு. துள்ளிக்கிட்டுத்தான் இருக்கு" என்றாள் தவமணி. பிறகு ராஜா பக்கம் திரும்பி, "ஆனா எல்லாத்துக்கும் சளி!" என்றாள்.

இருசப்பனைச் சஸ்பெண்ட் செய்தார்கள். அணை உடையாமல் நின்றதற்காக நரியாருக்குப் பதக்கம் கொடுத்தார்கள். ஏழு துளைகளையும் உடனே மறுபடி அடைக்க ராஜா உத்தரவிட்டார். ஆனால் எல்லோர் கண் முன்னாலும் கொட்டியதால் இந்த முறை படிவத்தில் "உண்டு" என்று எழுத வேண்டியதாயிற்று. பதினொரு இணைப்பில் ஏழாவதற்கு உதவிப் பொறியாளர் கையெழுத்து வேண்டும். அவன் சஸ்பென்ஷனில் இருக்கிறான். கோப்பு மூன்று வருடமாக நரியார் மேசையில் கிடக்கிறது. துளைகள் திறந்தே இருக்கின்றன, அதனால் அணை இன்னும் நிற்கிறது. விரிசலும் அப்படியே இருக்கிறது.

நீதி: உயிரைக் காப்பாற்றியதை மறந்துவிடுவார்கள், வாசலை ஈரமாக்கியதை மறக்கவே மாட்டார்கள். ஆகவே அணையைக் காப்பாற்றப் போகும் பொறியாளர்கள் வாசல் துடைக்கக் கையோடு ஒரு மாப்பும் எடுத்துச் செல்லவும்.