ஆன், ஆஃப், ஆட்டோ, இன்ஷா அல்லாஹ்

ஷாஹிந்தா சாப்பிட்டுவிட்டு வருவதற்குள் அந்த ஒரு வார்த்தையை அழித்தாக வேண்டும். ஹம்தி அழித்தான். கணினி ஒப்புக்கொள்ளவில்லை.

'அழிக்க முடியாது. டிஸ்க் பிரிவு இதைப் பயன்படுத்துகிறது' என்று சிவப்பு எழுத்தில் வந்தது.

கெய்ரோவில் துக்கி மெட்ரோ நிலையத்துக்கு எதிரே இருந்த அந்த அலுவலகத்தில், ஒரு கணினிக்குள் இன்னொரு கணினி இருப்பதுபோல் நடிக்கும் நிரல் ஒன்றைச் செய்துகொண்டிருந்தார்கள். டிஸ்க், நெட்வொர்க், திரை என்று தனித்தனிப் பிரிவுகள். ஒரே சுவிட்சைப் போட டிஸ்க் பிரிவு 'ஆன்' என்றது, நெட்வொர்க் 'யெஸ்' என்றது, திரை 'ட்ரூ' என்றது. ஒன்று பேசினால் இன்னொன்றுக்குப் புரியாது.

"எல்லாத்துக்கும் பொதுவா ஒரு கோப்பு எழுது. ஒரு வார்த்தைக்கு ஒரே அர்த்தம். அர்த்தத்தையும் பக்கத்துலயே எழுதணும்" என்று மேலாளர் தஹானி மேடம் ஹம்தியிடம் சொல்லியிருந்தார்.

காலையில் ஹம்தி ஒழுங்காகத்தான் எழுதினான். ஆன். ஆஃப். ஆட்டோ, அதாவது இயந்திரமே பார்த்து முடிவு செய்துகொள்ளும். பிறகு டிஸ்க் பிரிவு லுத்ஃபியிடம் போனான்.

"லுத்ஃபி அண்ணே, இனிமே நீங்களும் இதையே எடுத்துக்குவீங்களா?"

"இன்ஷா அல்லாஹ்" என்றார் லுத்ஃபி, வாயிலிருந்த சூரியகாந்தி விதையைத் துப்பாமலே.

அங்கேதான் ஹம்திக்குப் பற்றிக்கொண்டு வந்தது. போன பெருநாள் கழிந்து, இனிப்புப் பெட்டியும் கையுமாக, அதே அலுவலகத்தில் வேலை பார்க்கும் ஷாஹிந்தாவின் வீட்டுக்குப் போய்ப் பெண் கேட்டான் அவன். அவள் அப்பா ஹாஜ் தியாப், தெற்கே அஸ்வானிலிருந்து வந்து குடியேறியவர், மீசையைத் தடவிக்கொண்டு சொன்னது 'அல்லாஹ் நாடினால்' என்ற இந்த ஒரே பதில்தான். கெய்ரோவில் சைக்கிள் கேட்ட பிள்ளைக்கு அப்பா 'இன்ஷா அல்லாஹ்' சொன்னால், சைக்கிள் வராது என்பது பிள்ளைக்கே தெரியும். ஹம்தி ஷர்பத்தைப் பாதியில் வைத்துவிட்டுப் படியிறங்கினான். அன்றிலிருந்து ஷாஹிந்தா அவனிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. மறுத்துவிட்ட வீட்டுப் பெண் வேறு என்ன செய்வாள்? ஆனால் அடுத்த வரிசையில் அவள் சிரித்தால் இவனுக்கு இன்னமும் கை தவறான எழுத்தைத்தான் தட்டியது. அவ்வளவு ஆசை.

அந்த எரிச்சலில் நாலாவதாக ஒன்றைச் சேர்த்தான்:

'இன்ஷா அல்லாஹ்: இல்லை என்று அர்த்தம். நேரில் சொல்லத் தைரியமில்லாத மாமனார்கள் பயன்படுத்துவது.'

டீ குடித்துவிட்டு வந்து அழித்துவிடலாம் என்று நினைத்தான். டீ ஆறுவதற்குள் தஹானி மேடம் படித்துப் பார்க்காமலே ஒப்புதல் கொடுத்து, எல்லாப் பிரிவுகளுக்கும் அனுப்பிவிட்டார்.

திரும்பி வந்து அழித்தபோதுதான் அந்தச் சிவப்பு எழுத்து வந்தது. ஹம்தி லுத்ஃபியிடம் ஓடினான்.

"அண்ணே, அந்த நாலாவதை விட்டுடுங்க. தெரியாம வந்துடுச்சு!"

"விடுறதா? டிஸ்க் எப்ப எழுதி முடிக்கும்னு கேட்டா இதைவிட உண்மையான பதில் உண்டாப்பா? பொதுக் கோப்புல போட்ட வார்த்தையை எடுக்கக் கூடாது, சேர்க்கத்தான் செய்யலாம். இந்த விதியை எழுதினது யாரு?"

"நான்தான்."

"அப்புறம் என்ன?"

எடுக்கத்தான் முடியாது, ஒதுக்கி வைக்கலாமே? 'பயன்படுத்த வேண்டாம்' என்று அந்த நாலாவது வரிக்கு ஒரு முத்திரை குத்தினான். ஒதுக்கிய வார்த்தையை யாராவது தொட்டால் அதன் முழு விளக்கத்தோடு எச்சரிக்கை காட்ட வேண்டும் என்பதும் அவன் எழுதிய விதிதான். அலுவலகத்தில் இருந்த அத்தனை திரைகளிலும் மாமனார் வந்து நின்றார்.

"யாருடா அந்தத் தைரியமில்லாத ஆளு?" என்று தஹானி மேடம் கண்ணாடி அறையிலிருந்து கத்தினார். "அர்த்தம் எழுதச் சொன்னா ஆத்திரத்தை எழுதி வச்சிருக்க!"

"இதோ எடுத்துடறேன் மேடம்!"

எச்சரிக்கை நாலாவது வரிக்குத்தானே, வரியை இடம் மாற்றினால் நின்றுவிடும் என்று ஹம்திக்குத் தோன்றியது. தூக்கி முதல் வரியில் போட்டான். எச்சரிக்கை நின்றது. ஆனால் யாரும் எதுவும் சொல்லாதபோது இயந்திரம் தானாக எடுத்துக்கொள்வது முதல் வரியைத்தான்.

நெட்வொர்க் டிஸ்க்கைப் பார்த்து "தயாரா?" என்று கேட்டது. டிஸ்க் "இன்ஷா அல்லாஹ்" என்றது. திரை நெட்வொர்க்கைக் கேட்டது. அதுவும் அதையே சொன்னது. எல்லாம் ஒன்றையொன்று மரியாதையாகப் பார்த்துக்கொண்டு சும்மா நின்றன.

"வேலையே நடக்கலை, ஆனா யாரும் மாட்டேன்னும் சொல்லலை" என்றார் லுத்ஃபி பூரிப்போடு. "இயந்திரத்துக்கு எகிப்துக் குடியுரிமை கிடைச்சாச்சு!"

"ஹம்தி."

பின்னால் ஷாஹிந்தா நின்றுகொண்டிருந்தாள். கையில் பாதி தின்ற குஷாரி டப்பா. திரைப் பிரிவே அவளுடையதுதான். திரை செத்துப் போனதாகச் செய்தி வந்து, பாதிச் சாப்பாட்டில் ஓடி வந்திருந்தாள். கோப்பு திறந்தே கிடந்தது. உரக்கப் படித்தாள்.

"'இல்லை என்று அர்த்தம். நேரில் சொல்லத் தைரியமில்லாத மாமனார்கள்...' இது எங்க அப்பாவா?"

"அது வந்து... பொதுவா..."

"பொதுக் கோப்புல பொதுவா எழுதினியா? அப்பா சொன்ன பதிலுக்கு இதுதான் அர்த்தம்னு உனக்கு யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? ஊருக்கே தெரியுமே! அதனாலதான் எந்திரிச்சு வந்தேன். நீயும் பேசறதை நிறுத்திட்ட."

"நான் நிறுத்தினேனா? பெண்ணைக் கேட்டுட்டு, ஷர்பத்தைக்கூடக் குடிச்சு முடிக்காம ஓடினவன் நீ! மனசு மாறி ஓடிட்டன்னுல்ல நினைச்சேன்! எத்தனை நாள் அழுதேன் தெரியுமா?" அவள் குரல் உடைந்தது. லுத்ஃபிகூட விதை கொறிப்பதை நிறுத்தினார்.

ஷாஹிந்தா கைபேசியை எடுத்து, ஒலிபெருக்கியை அழுத்தி மேசையில் வைத்தாள்.

"அப்பா, ஹம்தி இங்கதான் இருக்கான். நீங்க 'இல்லை'ன்னு சொன்னதா நினைச்சிட்டிருக்கான்."

மறுமுனையில் ஹாஜ் தியாப் மூச்சு வாங்கும் சத்தம் கேட்டது.

"மாமா..." என்றான் ஹம்தி, எழுந்து நின்று.

"அல்லாஹ் பேரைச் சொல்லி யாராவது பொய் சொல்லுவானாடா, அறிவுகெட்டவனே? எங்க ஊர்ல அது சத்தியம்! நீ வருவ வருவன்னு பார்த்து, சீருக்கு வாங்கின ஃபிரிட்ஜுக்கு வாரன்டியே முடியப் போகுது!"