ஆலமரத்துப் பங்காளி

மேட்டூரில் அணை எழும்பின காலத்தில், கல் சுமக்க வந்த அத்தனை ஜனத்திலும் சொந்தக்காரர்கள் அதிகம் உள்ளவர் ஒருத்தர்தான். அதில் ஒன்றுகூட மனிதரில்லை.

பேர் தெரியாது. பங்காளி என்போம். மிருகம், பறவை பிடித்துத் தோலுரித்துப் பாடம் பண்ணும் ஒரு துரையிடம் எடுபிடியாக இருந்தவர். துரை கப்பலேறிவிட்டார். துரையின் பேச்சு இவரிடம் தங்கிவிட்டது. உயிரெல்லாம் ஒரே பாட்டன் வழி, கிளை பிரிந்த பங்காளிகள் என்பார். கிட்டத்துப் பங்காளி, தூரத்துப் பங்காளி, அவ்வளவுதான் வித்தியாசமாம்.

எங்கள் மேஸ்திரி ஒருநாள் கோழி தின்றுகொண்டிருந்தார். சனிக்கிழமை தவிர தலையில் தண்ணீர் படாத மனுஷன். வாயைவிடக் கால் முந்தும்.

"கோழிக்குக் கிட்டத்துப் பங்காளி முதலைங்க. பார்த்துத் தின்னுங்க" என்றார் இவர்.

உதை விழுந்தது. ஆனாலும் மேஸ்திரிக்குக் கேட்கும் ஆசை விடவில்லை.

"அப்ப வௌவாலு காக்காய்க்குப் பங்காளியாடா?"

"இல்லீங்க, நமக்குத்தான். குட்டி போட்டுப் பால் குடுக்குதில்லீங்க?"

"றெக்கை இருக்குதேடா!"

"றெக்கை வயித்துப்பாட்டுக்கு வந்ததுங்க. எலும்பு பாட்டன் குடுத்ததுங்க."

செத்த வௌவால் ஒன்றின் இறக்கையை விரித்து, பக்கத்தில் தன் கையை வைத்தார். கட்டைவிரல், நாலு விரல். இரண்டிலும் அதேதான். மேஸ்திரி தன் கையை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

அணைத் தண்ணீர் தேங்கப்போகும் இடத்தில் ஒரு ஆலமரத்தை வெட்டினார்கள். பகல் தூக்கத்தில் தொங்கிக்கொண்டிருந்த வௌவால்கள் கிளைகளுக்கடியில் நசுங்கிக் கும்பலாகச் செத்தன. சிலர் பொறுக்கி வறுத்தார்கள். இவர் காவேரியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டு குடிசையில் உட்கார்ந்துவிட்டார்.

"ஏண்டா வேலைக்கு வரலை?" மேஸ்திரி வந்துவிட்டார்.

"தீட்டுங்க. பங்காளிக செத்துட்டாங்க."

"எந்த ஊரு?"

"ஆலமரமுங்க."

உதைத்த உதையில் குடிசைத் தட்டி சரிந்தது. நாங்கள் சிரித்தோம். இவர் எழுந்து உட்கார்ந்து என்னைப் பார்த்தார்.

"சாமி, நான் போனா யாருங்க தலைக்குத் தண்ணி ஊத்திக்குவாங்க?"

"வௌவாலு வரும்" என்றான் ஒருத்தன். இவர் சிரிக்கவில்லை.

அந்தக் கோடையில் வாந்திபேதி வந்தது. அப்பன் பிணத்தை மகன் தொடவில்லை. பங்காளிதான் தூக்கினார். என்ன சாதி என்று கேட்கவில்லை. ஒவ்வொரு பிணத்துக்கும் ஆற்றில் இறங்கி முழுகினார். "கிட்டத்துப் பங்காளிங்க" என்பார். மேஸ்திரியின் மகளையும் அவர்தான் தூக்கினார்.

ஒரு செவ்வாய்க்கிழமை அவரே விழுந்தார். மத்தியானத்துக்குள் முடிந்தது. வண்டியில் போட்டுக் குழிக்குக் கொண்டுபோனார்கள். நான் ஆற்றில் முழுகிவிட்டு வந்து அவர் குடிசையில் உட்கார்ந்தேன்.

மேஸ்திரி வந்து வாசலில் நின்றார்.

"ஏன் வேலைக்கு வரலை?"

"தீட்டுங்க. பங்காளி செத்துட்டாருங்க."

"எந்த ஊரு?"

"ஆலமரமுங்க" என்றேன்.

உதைக்கவில்லை. உள்ளே வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். அன்றைக்குச் சனிக்கிழமை இல்லை. அவர் தலையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.