தேஜ் கௌரின் புருவங்கள்

நாபா, நவம்பர் 14

மதிப்பிற்குரிய பாயி சாஹிப் ஹஸாரா சிங் அவர்களுக்கு,

தங்கள் தங்கையின் கணவன் அஜாயிப் சிங் இரு கை கூப்பி எழுதுவது. குருவின் கருணையால் இங்கே எருமைகூட நலம். அங்கே தாங்களும் கல்யாண மாப்பிள்ளையும் நலம்தானே? இரண்டு நாள் ஆலோசனைக்குப் பிறகு, இக்கடிதத்தைச் சாதாரணத் தபாலில் அல்ல, பதிவுத் தபாலில் அனுப்புவதென்று முடிவெடுத்துள்ளேன். தொலைபேசியென்றால் தாங்கள் துண்டித்துவிடுகிறீர்கள்; தபால்காரரிடம் கையெழுத்துப் போட்டே ஆகவேண்டும்.

தங்கள் தங்கை புருவத்தைத் திருத்தவில்லை. முடி வெட்டுவதில்லை என்று சத்தியம் செய்து அமிர்தம் அருந்திய நாள்முதல் ஒரு முடியையும் அவள் வெட்டியதில்லை. சீப்பில் வருவதைக்கூடப் பொட்டலம் கட்டி வைப்பாள். புருவம் தானாகவே போனது. அதை முதலில் கண்டுபிடித்தவள் குருத்வாராவில் ரொட்டி தேய்க்கும் பிரீதோ. "என்னக்கா, பேரன் எடுத்தப்புறம் புருவம் திருத்துறே? அழகிப் போட்டிக்கா?" என்றாள். அந்த வாரமே செய்தி தங்களை எட்ட, "சத்தியத்தை மீறினவ என் மகன் கல்யாணத்துல கால் வைக்கக் கூடாது. குருத்வாராவுல அமிர்தம் கொடுத்த ஐவர் முன்னாடி நின்னு மன்னிப்புக் கேட்டுட்டு வரட்டும்" என்றீர்கள்.

பிறகு முன்நெற்றி மேலே ஏறியது. இரண்டு விரல் அகலத்துக்கு வெளுத்து, வழவழவென்று, நடுவில் ஒற்றை முடி மட்டும், கல்யாணம் முடிந்த பந்தலில் தங்கிவிட்ட விருந்தாளியைப் போல. எரிகிறது என்றாள். எட்டு மாதம் கடுகெண்ணெய் தேய்த்துவிட்டேன். படித்தவன் என்பதால் பூண்டும் சேர்த்தேன். பாட்டியாலாவில் தோல் மருத்துவர் அம்மா உருப்பெருக்கியால் பார்த்தார். "வேரைச் சுத்தி அழற்சிங்க. வேர் இருந்த இடம் தழும்பாயிடுச்சு, அங்க இனி முளைக்காது. மிச்சத்தைத்தான் காப்பாத்தலாம். எட்டு மாசமா என்ன பண்ணீங்க?" என்றார். பூண்டைப் பற்றி நான் சொல்லவில்லை. நெற்றியோரம் ஊசி, கூடவே மலேரியாவுக்குக் கொடுக்கும் மாத்திரை. வீட்டில் கொசுவே இல்லை என்றேன். அந்த மாத்திரைக்குக் கண்ணையும் பரிசோதிக்க வேண்டுமாம். "கண்ணு நல்லாத் தெரியுது டாக்டர், அதான் கஷ்டம்" என்றாள் தேஜ். பேருந்தில் துப்பட்டாவைக் கண்வரை இழுத்துவிட்டுக்கொண்டு, "பையனுக்கு மஞ்சள் பூச அத்தை வேணுமே, அண்ணன் யாரைக் கூப்பிடுவாரு?" என்று மட்டும் கேட்டாள்.

மருத்துவர் சீட்டின் நகலை இணைத்துள்ளேன். படித்துவிட்டு அவளுக்கு ஓர் அழைப்பு அனுப்புங்கள். அண்ணியாருக்கு வணக்கம், மாப்பிள்ளைக்கு நூறாண்டு ஆயுள்.

பணிவுடன்,
அஜாயிப் சிங்

பி.கு.: மேலே கண்டவற்றை மறந்துவிடவும். நேற்று மாலை தேஜ் சொன்னாள்: ஞாயிற்றுக்கிழமையே ஐவர் முன் நின்று, புருவத்தைத் தானே திருத்தியதாக ஒப்புக்கொண்டுவிட்டாளாம். "நோய்னு சொன்னா நம்பவா போறாரு? தப்புன்னு சொன்னா மன்னிச்சுக் கூப்பிட்டுடுவாரு" என்கிறாள். தண்டனையாக இருபத்தொரு நாள், காலையில், குருத்வாராவுக்கு வருவோரின் காலணிகளைத் துடைக்க வேண்டும். உண்மை தங்களுக்குத் தெரியும் என்று அவளிடம் காட்டிக்கொள்ள வேண்டாம். முதல் ஊசி இன்று காலை பத்து மணிக்கு. அவள் காலணி துடைக்கப் போயிருக்கிறாள். இதை விட்டால் மருத்துவர் தரும் அடுத்த தேதி மார்ச் மாதம்.