கியர்பாக்ஸை மூடிவிட்டேன், அண்ணா

இரிக்,
1986 டிசம்பர் 21

மதிப்பிற்குரிய அண்ணன் புதிமிர் அவர்களுக்கு, தம்பி லியுபிசாவ் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் தெசாங்காவும் நலம். ஸ்டுட்கார்ட்டில் நீங்களும் அண்ணியும் உங்கள் புதுக் காரும் நலமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன்.

நம் குலப்புனிதர் நிக்கோலாவின் திருநாளுக்கு வருவதாகவும், அப்பாவின் மோட்டார்சைக்கிளை வாங்க ஒரு ஜெர்மன்காரரைக் கூட்டி வருவதாகவும், வண்டி ஓடாவிட்டால் அவர் அதைப் பிரித்து உதிரிச் சாமானாக எடுத்துக்கொள்வார் என்றும் எழுதியிருந்தீர்கள். படித்த நாளிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அப்பா பேரைச் சொல்ல இந்த வீட்டில் மிச்சமிருப்பது அந்த வண்டி ஒன்றுதான். ஓடவைத்துக் காட்டி, இது விற்பனைக்கு இல்லை என்று அந்த ஆளிடம் நேராகச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்தேன்.

வண்டி ஏன் நின்றது என்று நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆகஸ்ட் பிறந்தால் வந்து இறங்குவீர்கள், "இதுக்கு க்ளட்சே பிடிக்க வேணாம்டா, கியர்ல கால வச்சா போதும்" என்று ஊரெல்லாம் மிதித்து ஓட்டுவீர்கள், லீவு முடிந்ததும் சாவியை மேசையில் போட்டுவிட்டுப் போய்விடுவீர்கள். இந்த வருடம் கியர்பாக்ஸுக்குள் காப்பிக்கொட்டை அரைபடுகிற மாதிரி சத்தம் வந்தபோதும், "பழைய வண்டின்னா அப்படித்தான்டா பேசும்" என்றீர்கள். நான் பிரித்துப் பார்த்தேன். பேரிங்கின் குண்டுகள் சொத்தைப் பல்லாகிக் கிடந்தன, ஒன்று பாதிதான் இருந்தது.

புது பேரிங் டிராக்டர் சாமான் கடையில் கிடைத்துவிட்டது, அதை உட்கார வைப்பதுதான் பெரும்பாடு. சுத்தியால் தட்டினால் அலுமினியம் விண்டுவிடும். என்ஜின் கேஸைச் சூடாக்கி, பேரிங்கைக் குளிரவைத்தால் தானாக இறங்கும். அதனால் திருநாளுக்கு முந்தைய மதியம் பேரிங்கை ஃப்ரீசரில் கெண்டை மீனுக்குப் பக்கத்தில் படுக்கவைத்துவிட்டு, தெசாங்கா கடைக்குப் போன சமயம் பார்த்து, கேஸின் ஒரு பாதியை அவளுடைய ரொட்டி சுடும் அடுப்பில் தள்ளினேன். பெட்ரோல் ஊற்றிக் கழுவித்தான் வைத்தேன், ஆனால் அப்பா காலத்து எண்ணெயெல்லாம் அந்த அலுமினியத்துக்குள்ளேயே குடியிருந்திருக்கிறது, சூடு பட்டதும் புகையாகக் கிளம்பிவிட்டது. பேரிங் மட்டும் 'தொப்'பென்று அழகாக இறங்கியது. எனக்குக் கண்ணீரே வந்துவிட்டது, அதைத் துடைப்பதற்குள் தெசாங்கா வந்துவிட்டாள்.

"என்னங்க நாத்தம் இது?"

"பக்கத்து வீட்ல ஏதோ கொளுத்துறாங்க போல."

"பக்கத்து வீட்டு நாத்தம் என் அடுப்புக்குள்ள எப்படிங்க வந்துச்சு?"

திருநாள் ரொட்டிக்கான மாவு அதற்குள் பொங்கி நின்றது, வேறு அடுப்பு இல்லை. வைத்தாள். ரொட்டி என்னவோ பொன்னிறமாகத்தான் வந்தது, மணம்தான் கியர்பாக்ஸ் மணம்.

மறுநாள் விடிந்ததும் என்ஜினை மூடி மாட்டி, முழங்கால் வீங்குகிற அளவுக்கு உதைத்து, வண்டியைக் கிளப்பி முற்றத்தில் ஒரு சுற்று வந்தேன். விருந்தாளிகள் வந்தார்கள், கவ்ரிலோ சாமியாரும் வந்தார். நானும் அவரும் ரொட்டியைச் சுழற்றி, திராட்சை மது ஊற்றி, முத்தமிட்டுப் பிட்டோம். மந்திரித்த ரொட்டியில் ஒரு துணுக்கைக்கூடக் கீழே போடக் கூடாதே, எல்லோரும் வாயை மூடிக்கொண்டு மென்றார்கள். சாமியார்தான் நெடுநேரம் மென்றுவிட்டுக் கேட்டார்:

"லியுபிசாவ், மாவுல என்னப்பா சேர்த்தீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் தெசாங்கா முந்திக்கொண்டாள். "இவங்க அண்ணன் வர்றாருல்ல சாமி, அந்த மணம்."

அவர் உங்கள் காலி நாற்காலியைப் பார்த்தார், இன்னொரு துண்டைக் கையில் எடுத்தார். "சரி, அவரு பங்கையும் நாமதான் தின்னு தீர்க்கணும் போல."

அதற்குப் பிறகுதான் உங்கள் தந்தி வந்தது. வேலையாம், வர முடியாதாம், வாங்குகிறவர் வசந்த காலத்தில் வருவாராம். திருநாள் மெழுகுவர்த்தி சாயங்காலம் வரை எரிந்தது, உங்கள் நாற்காலியில் யாரையும் நான் உட்கார விடவில்லை. அசிங்கமாக இருந்தது, அண்ணா. வருத்தமாகவும் இருந்தது.

ஆகவே சொல்லிவிடுகிறேன். வண்டி ஓடுகிறது, விற்பதாக இல்லை. வசந்தத்தில் அந்த ஆளும் வர வேண்டாம், ஆகஸ்டில் நீங்களும் வர வேண்டாம். வண்டியில் பாதி உங்களுக்குச் சேரும் என்பீர்கள். செத்துப்போன பேரிங்கைத் தனிப் பொட்டலமாக அனுப்புகிறேன், உங்கள் பாதியாக வைத்துக்கொள்ளுங்கள்.

அண்ணிக்கு வணக்கம், பிள்ளைகளுக்கு என் ஆசி. நீங்கள் எந்தச் சாலையில் போனாலும் புனித நிக்கோலா துணையிருக்கட்டும், அது இரிக்குக்கு வருகிற சாலையாக இல்லாதவரை.

இப்படிக்கு,
உங்கள் தம்பி
லியுபிசாவ்

பி.கு.: இந்தக் கடிதத்தைத் தபாலில் போட அந்த வண்டியில்தான் கிளம்பினேன். தேவாலய மேட்டில் கியர்பாக்ஸுக்குள் ஏதோ கடகடத்தது, தள்ளிக்கொண்டுதான் வீடு வந்தேன். அடுப்படியைக் கழுவிக்கொண்டிருந்த தெசாங்கா ஒரு சின்ன வளையத்தை நீட்டி, "இது உங்க சாமானா, என் சாமானா?" என்றாள். பேரிங் நழுவாமல் பிடிக்கிற லாக். மாட்ட மறந்திருக்கிறேன். எல்லாவற்றையும் மறுபடி பிரிக்க வேண்டும், சூடாக்க வேண்டும், இனி அடுப்புப் பக்கம் போனால் தெசாங்கா கையை ஒடித்துவிடுவாள். அடுப்பு கிடக்கட்டும், சூடான கேஸைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். போன தடவை தனியாகச் செய்து விரல் வெந்துபோயிற்று, இந்தக் கையெழுத்தைப் பார்த்தாலே தெரியும். அப்பா செய்யும்போது நீங்கள்தான் பிடிப்பீர்கள். ஆகஸ்ட் வரை என்னால் காத்திருக்க முடியாது, ஜனவரி ஏழாம் தேதி வருகிற நம் கிறிஸ்துமஸுக்கு வாருங்கள். மேலே எழுதியதை நான் கிழிக்கப்போவதில்லை, எல்லாம் உண்மைதான். அதையும் படித்துவிட்டே வாருங்கள், அண்ணா.