கயிற்றின் கடைசி ஆள்

சிவப்பு விளக்கின் மேல் உட்கார்ந்தது நான்தான். 'படக்' என்று ஒரு சத்தம்.

"உடைஞ்சது விளக்கா, இடுப்பா?" என்றாள் மனைவி, இருட்டிலிருந்து.

"விளக்குதான்."

"அடக் கடவுளே. இடுப்புன்னா கட்டுப் போட்டுக்கலாம்."

எங்கள் வனப்பூங்காவில் அவள் நுழைவுச்சீட்டு கொடுப்பவள். நான் இருட்டுக் காவலன். சிரிக்காதீர்கள், சம்பளம் வருகிற வேலைதான். பூங்காவுக்குள் எங்கும் விளக்கெரியாமல் பார்த்துக்கொள்வதும், நட்சத்திரம் பார்க்க வருகிறவர்களை உச்சிப்பாறைக்கு அழைத்துப் போவதும் என் பொறுப்பு. கண்ணைக் கூசவைக்காத அந்தச் சிவப்பு விளக்குக்கு மட்டும்தான் அனுமதி. அதன்மேல்தான் உட்கார்ந்தேன்.

அன்று பார்த்து, இருட்டை அளக்கும் அதிகாரி பார்வையாளரோடு பார்வையாளராக வருகிறார் என்று தகவல். ஒரு பொட்டு வெளிச்சம் அவர் கண்ணில் பட்டாலும் 'இருள்வானப் பூங்கா' என்ற அங்கீகாரம் போய்விடும். போனால், மலை முழுக்க விளக்குக் கம்பம் நடக் காத்திருக்கும் விடுதிக்காரருக்குக் கொண்டாட்டம். எனக்குக் கம்பம் துடைக்கிற வேலைகூடக் கிடைக்காது.

"கயிறு இருக்கே," என்றேன்.

நீளக் கயிற்றை எல்லோரும் பிடித்துக்கொள்ள, முன்னால் நான், கடைசியில் மனைவி. மிருகங்கள் மிரளும் என்பதால் வருகிறவர்கள் பேசக் கூடாது. நான் ஏதாவது கேட்டால் ஓர் இழுப்பு 'ஆமாம்', இரண்டு இழுப்பு 'இல்லை'.

"வாக்கிடாக்கி?"

"அதுல பச்சையா வெளிச்சம் வருது. அணைச்சாச்சு."

"பாதை தெரியுமா?"

"கண்ணை மூடிக்கிட்டே போவேன்."

"தெறந்துக்கிட்டே போங்க. அது போதும்."

ஆற்றங்கரையில் பாதை பிரியுமிடத்தில் எந்தப் பக்கம் என்று குழம்பினேன். குழப்பம் வெளியே தெரியக் கூடாதென்று வேகமாக இடப்பக்கம் திரும்பினேன். அதற்குப்பின் பின்னால் காலடிச் சத்தமே இல்லை. இவ்வளவு அடக்கமான கூட்டத்தை நான் பார்த்ததேயில்லை.

"எல்லாரும் வர்றீங்களா?"

ஓர் இழுப்பு.

"யாருக்காவது பயமா இருக்கா?"

இரண்டு.

"உங்கள்ல... அதிகாரி யாராவது?"

கயிறு கொஞ்சம் யோசித்தது. பிறகு ஓர் இழுப்பு.

என் முதுகு தானாகவே வளைந்தது. மரியாதைதான். "ஐயா முன்னாடி வரலாமே," என்றேன்.

கயிறு தொய்ந்தது. சருகு நொறுங்கவில்லை. ஆனால் தோளில் ஒரு கை வந்து உட்கார்ந்தது. கிணற்றுக்குள்ளிருந்து எடுத்த கல்லைப் போல ஈரமாக, கனமாக.

பையில் கைபேசி இருந்தது. ஒரு தட்டு தட்டினால் முகம் தெரிந்துவிடும். அங்கீகாரமும் போய்விடும். கையை வெளியே எடுத்துக்கொண்டேன்.

"இருட்டு... போதுமா ஐயா?"

தோளில் இரண்டு அழுத்தம்.

"நட்சத்திரம் கொஞ்சம் அதிகம்தான், மன்னிக்கணும். அது நம்ம கையில இல்லை."

ஒருவழியாக உச்சிப்பாறை வந்தது. முன்னாலிருந்து மனைவியின் குரல். "வந்துட்டீங்களா? ஊரைச் சுத்திட்டு!"

"நீ எப்படி எனக்கு முன்னாடி? கடைசியிலதானே வந்தே?"

"பிரிவுல தப்பாத் திரும்பினீங்க. கத்தினா மிருகம் மிரளும். கூப்பிடலாம்னா வாக்கிடாக்கியை அணைச்சுட்டீங்க. கயிறை விடச் சொல்லி எல்லாரையும் நேர்வழியில கூட்டிட்டு வந்துட்டேன்."

"எல்லாரையுமா? அதிகாரி என்கூடத்தானே..."

"நான் இங்க உக்காந்திருக்கேன் சார்," என்றது ஓர் ஆண் குரல், பாறைமேலிருந்து. "ஒரு பொட்டு வெளிச்சம்கூட இல்லை. அங்கீகாரம் உறுதி. வாழ்த்துகள்!"

எல்லோரும் கை தட்டினார்கள். என் தோளிலிருந்த கை தட்டவில்லை.

"அப்போ என் தோள்ல கை வெச்சிருக்கிறது யாரு?" என்று அலறினேன். "யாராவது ஒருத்தர் நேராப் பதில் சொல்லுங்களேன்!"

பதில் என் காதுக்குப் பக்கத்தில் வந்தது, மிக அன்பாக.

"இந்த இருட்டுக்கு ஆதியிலேருந்து காவல் நான்தான், தம்பி. நீ என் உதவிக்கு வந்த ஆளு."